யூஜீன் கிறிஸ்டோஃப்

யூஜீன் கிறிஸ்டோஃப் (ஜனவரி 22, 1885 – பெப்ரவரி 1, 1970) பிரான்சு நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தய வீரர் ஆவார். டூர் டி பிரான்சு பந்தயத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கு வழங்கப்படும் மஞ்சள் சட்டையை 1919 ஆம் ஆண்டில் முதன்முதலாக அணிந்தவர் இவரே எனப் பதிவாகியுள்ளது. இப்பந்தயத்தில் பதினொரு முறை கலந்துகொண்டு எட்டு முறை இறுதிவரை ஓட்டி முடித்த இவர், ஒருமுறை கூட வெற்றி பெறவில்லை. மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் இவரது மிதிவண்டியின் முன்கவை உடைந்தது. அவற்றுள் இரண்டு முறை வெற்றி வாய்ப்பு அதனாலேயே கைநழுவியது. ஆயினும் அக்காலத்தில் வென்ற பலரைக் காட்டிலும் இவரது பெயரே மக்கள் நினைவில் நிலைத்து நிற்கின்றது.

இளமைக் காலம்

கிறிஸ்டோஃப் பாரிசு நகரை ஒட்டியுள்ள மலக்கோஃப் என்னும் ஊரில் பிறந்தார். இளம் வயதில் பூட்டு செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டார். இரும்பைக் காய்ச்சுவதும், அடித்து வளைப்பதும், அரத்தால் தேய்த்துப் பொருத்துவதும் அவருக்குப் பழக்கமான வேலைகளாயின. இத்தொழில் அறிவு பிற்காலத்தில் மலையடிவாரம் ஒன்றில் அவருக்குக் கைகொடுத்தது.

1904 ஆம் ஆண்டு முதல் தொழில்முறைப் பந்தயங்களில் பங்கேற்றார். 1906 இல் முதன்முறையாக டூர் டி பிரான்சு பந்தயத்தில் கலந்துகொண்டு ஒன்பதாவது இடம் பெற்றார். சேறு, மேடு, படிக்கட்டு முதலியவற்றில் மிதிவண்டியைச் சில இடங்களில் ஓட்டியும் சில இடங்களில் தோளில் சுமந்தும் கடக்கும் சைக்ளோ-கிராஸ் போட்டியிலும் இவர் சிறந்து விளங்கினார். 1909 முதல் 1914 வரை தொடர்ந்து ஆறு முறையும், 1921 இல் மீண்டும் ஒருமுறையும் பிரான்சின் தேசிய வாகையர் ஆனார். தொடக்க காலத்தில் அவர் வைத்திருந்த தொங்கு மீசையைக் கொண்டு இரசிகர்கள் அவரை முதிய கால் இனத்தவர் என்று அழைத்தனர். கால் என்பது பிரான்சின் பண்டைய குடிகளைக் குறிக்கும் பெயராகும்.

1910 மிலான் – சான் ரெமோ பந்தயம்

இத்தாலியில் மிலான் நகரிலிருந்து கடற்கரை நகரான சான் ரெமோ வரை நடைபெறும் பந்தயத்தில் 1910 ஏப்ரல் 3 அன்று கிறிஸ்டோஃப் வெற்றி பெற்றார். தூரம் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். அன்று கடும் குளிரும் பனிப்பொழிவும் நிலவின. டுர்க்கினோ கணவாயை நெருங்கியபோது சாலை பனியால் மூடப்பட்டிருந்தது. விரல்கள் மரத்துப் போய், வயிற்று வலியால் துன்புற்ற கிறிஸ்டோஃப் வழியோர விடுதி ஒன்றில் ஒதுங்கினார். விடுதிக்காரர் அவரது நனைந்த உடைகளைக் களைந்து, உடலைப் போர்த்திச் சூடேற்றினார். சிறிது நேரத்தில் வேறு சில வீரர்கள் வெளியே கடந்து செல்வதைக் கண்ட கிறிஸ்டோஃப், நீண்ட காற்சட்டை ஒன்றைப் பெற்று அணிந்துகொண்டு மீண்டும் சாலைக்குத் திரும்பினார்.

முன்னே சென்றவர்களை ஒவ்வொருவராகக் கடந்து, 12 மணி நேரத்துக்கும் மேலாக ஓட்டி, தனியாக இலக்கை அடைந்தார். அறுபதுக்கும் மேற்பட்டோர் புறப்பட்ட அப்பந்தயத்தில் நால்வர் பெயர் மட்டுமே அதிகாரப்பூர்வ முடிவுகளில் இடம்பெற்றது. குளிரால் ஏற்பட்ட பாதிப்புக்காகக் கிறிஸ்டோஃப் ஏறத்தாழ ஒரு மாதம் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது.

1912 டூர் டி பிரான்சு

1912 ஆம் ஆண்டுப் பந்தயத்தில் கிறிஸ்டோஃப் அடுத்தடுத்து மூன்று கட்டங்களில் வென்றார். அவற்றுள் சாமோனியிலிருந்து கிரெனோபிள் வரையான கட்டத்தில் ஏறத்தாழ 315 கிலோமீட்டர் தூரத்தைத் தனியாகவே ஓட்டி முடித்தார். அக்காலத்தில் வெற்றியாளர் நேரத்தைக் கொண்டு அல்லாமல், ஒவ்வொரு கட்டத்திலும் பெற்ற இடத்திற்கான புள்ளிகளைக் கொண்டு முடிவு செய்யப்பட்டார். பல நிமிடங்கள் முந்தி வந்தாலும் சில நொடிகள் முந்தி வந்தாலும் முதலிடத்துக்கான புள்ளி ஒன்றே. இம்முறையில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஓடில் டிஃப்ரே வென்றார். கிறிஸ்டோஃப் இரண்டாவது இடம் பெற்றார். 1913 முதல் மொத்த நேரத்தைக் கணக்கிடும் முறை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

பழுது நீக்கும் விதி

கிறிஸ்டோஃபுக்கு நேர்ந்தவற்றைப் புரிந்துகொள்ள அன்றைய விதி ஒன்றை அறிதல் வேண்டும். டூர் டி பிரான்சு பந்தயத்தை லோட்டோ என்னும் விளையாட்டு நாளேடு நடத்தியது. அதன் ஆசிரியர் ஹென்றி டெக்ராஞ்சு, பந்தயம் என்பது தனி மனிதனின் வலிமைக்கும் பொறுமைக்கும் உரிய தேர்வாக இருக்க வேண்டும் எனக் கருதியவர். எனவே வழியில் வண்டி பழுதானால் வீரரே அதனைச் சரிசெய்ய வேண்டும். வேறு வண்டியை எடுத்துக்கொள்ளவோ, பிறர் உதவியைப் பெறவோ கூடாது. மீறினால் தண்டனையாக நேரம் கூட்டப்படும்.

அன்றைய மலைச் சாலைகள் கல்லும் புழுதியும் நிறைந்தவை. சக்கரத்தின் டயர் பஞ்சர் ஆவது நாள்தோறும் நிகழ்வது. அதற்காக வீரர்கள் மாற்று டயர்களைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு ஓட்டினர். ஆனால் முன்சக்கரத்தை இருபுறமும் பற்றி நிற்கும் முன்கவை உடைந்தால் வண்டி நகராது. அதனைச் சரிசெய்யக் கொல்லுலை தேவை.

1913: டூர்மாலே மலையிறக்கம்

1913 ஜூலை 9 அன்று பயோனிலிருந்து லூசோன் வரை 326 கிலோமீட்டர் தூரம் கொண்ட ஆறாவது கட்டம் நடைபெற்றது. பிரனீசு மலைத்தொடரின் பெரும் ஏற்றங்கள் பல இதில் அடங்கும். முதலிடத்தில் இருந்த டிஃப்ரே வெகுவாகப் பின்தங்கிவிட்டதால், மொத்த நேரக் கணக்கில் கிறிஸ்டோஃபே முன்னணியில் இருந்தார். 2,115 மீட்டர் உயரமுள்ள டூர்மாலே கணவாயைக் கடந்து இறங்கும்போது அவரது வண்டியின் முன்கவை உடைந்தது. மோட்டார் வாகனம் ஒன்று மோதியதே காரணம் என்றும், அதுவாகவே முறிந்தது என்றும் இருவேறு விதமாகக் கூறப்படுகிறது.

வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு, பத்துக் கிலோமீட்டருக்கும் கூடுதலான தூரத்தைக் கிறிஸ்டோஃப் நடந்தும் ஓடியும் இறங்கினார். பின்னால் வந்த வீரர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து சென்றனர். இறுதியில் செயின்ட்-மரி-டி-கம்பான் என்னும் சிற்றூரை அடைந்தார். அங்கே ஒரு கொல்லன் பட்டறை இருந்தது.

கொல்லர் தாமே செய்து தர முன்வந்தபோதும், உடன் வந்த பந்தய அதிகாரிகள் விதியைச் சுட்டிக்காட்டித் தடுத்துவிட்டனர். கொல்லர் வாய்மொழியாக மட்டுமே வழிகாட்டலாம். கிறிஸ்டோஃப் தம் பழைய தொழிலறிவைக் கொண்டு இரும்பைக் காய்ச்சி, அடித்து, துளையிட்டு முன்கவையைச் செப்பனிட்டார். பசியெடுத்த அதிகாரி ஒருவர் உணவு தேடிச் செல்ல விரும்பியபோது, தம்மைக் கைதி போல் காவல் காப்பவர்கள் இடத்தை விட்டு அகலலாகாது என்று கூறிய கிறிஸ்டோஃப், பசித்தால் கரியைத் தின்னுமாறு சொன்னதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது.

ஒரு கையால் இரும்பையும் மறு கையால் சுத்தியலையும் பிடித்திருந்தவரால் துருத்தியை இயக்க முடியவில்லை. பட்டறையில் நின்ற ஒரு சிறுவன் துருத்தியை ஊதிக் கொடுத்தான். இது பிறர் உதவியாகக் கருதப்பட்டு அவருக்குப் பத்து நிமிடத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. பல மணி நேரத்தை ஏற்கெனவே இழந்துவிட்டவருக்கு அந்த நிமிடங்களால் பெரிய வேறுபாடு ஏதும் இல்லை. ஆயினும் இச்சம்பவத்தை அறிந்தவர்கள் மறவாமல் நினைவில் வைத்திருப்பது இத்தண்டனையைத்தான்.

கிறிஸ்டோஃப் போட்டியிலிருந்து விலகவில்லை. மேலும் இரண்டு மலைகளை ஏறி இறங்கி, வெற்றியாளருக்கு ஏறத்தாழ 3 மணி 50 நிமிடங்கள் பின்னே லூசோனை அடைந்தார். இறுதிப் பட்டியலில் ஏழாவது இடம் பெற்றார். அவ்வாண்டு வென்ற பெல்ஜிய வீரர் பிலிப் திசுக்கும் பந்தயத்தின் இறுதிப் பகுதியில் முன்கவை உடைந்தது. அவர் மிதிவண்டிக் கடையொன்றில் உதவி பெற்றுப் பத்து நிமிடத் தண்டனையை ஏற்றார். ஒன்பது நிமிடங்களுக்கும் குறைவான வேறுபாட்டில் வெற்றியைத் தக்கவைத்துக்கொண்டார்.

1919: முதல் மஞ்சள் சட்டை

முதல் உலகப் போரின்போது 1915 முதல் 1918 வரை பந்தயம் நடைபெறவில்லை. முன்னாள் வெற்றியாளர்களான பிரான்சுவா ஃபாபர், ஒக்டாவ் லப்பீசு, லூசியன் பெட்டி-பிரெட்டன் ஆகிய மூவரும் போர்க்காலத்தில் உயிரிழந்தனர். 1919 இல் பந்தயம் மீண்டும் தொடங்கியபோது சாலைகள் சிதைந்திருந்தன. பொருள்களுக்கும் தட்டுப்பாடு நிலவியது. மிதிவண்டி நிறுவனங்கள் ஒன்றுகூடியே வீரர்களை அனுப்பின. பெரும்பாலோர் ஒரே வகையான சாம்பல் நிறச் சட்டை அணிந்தனர். இதனால் முன்னணியில் இருப்பவர் யார் என்பதைச் சாலையோரத்தில் காத்திருந்த மக்களாலும் செய்தியாளர்களாலும் எளிதில் அறிய இயலவில்லை.

இக்குறையைப் போக்க டெக்ராஞ்சு தனி நிறச் சட்டை ஒன்றை அறிமுகப்படுத்தினார். லோட்டோ நாளேடு மஞ்சள் தாளில் அச்சிடப்பட்டதால் அந்நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது பொதுவான கருத்து. 1919 ஜூலை 19 அன்று கிரெனோபிள் நகரில் பதினோராவது கட்டம் தொடங்குமுன், அப்போது முதலிடத்தில் இருந்த கிறிஸ்டோஃப் அச்சட்டையைப் பெற்றார். வழிநெடுக நின்ற மக்களும் சக வீரர்களும் அவரை மஞ்சள் நிறக் கானரிக் குருவிக்கு ஒப்பிட்டுக் கேலி செய்தனர். பிற்காலத்தில் மிதிவண்டி வீரர்கள் அனைவரும் விரும்பும் சின்னமாக மாறிய அச்சட்டை அதன் முதல் நாள்களில் அவருக்குச் சங்கடத்தையே தந்தது. 1913 இலேயே தாம் மஞ்சள் சட்டை அணிந்ததாகப் பிலிப் திசு பல ஆண்டுகளுக்குப் பின் கூறினார். எனினும் 1919 ஆம் ஆண்டே பொதுவாக ஏற்கப்படுகிறது.

வலான்சியென் நகரில் இரண்டாம் முறிவு

பந்தயம் முடிய இரண்டு கட்டங்களே எஞ்சியிருந்தபோது, கிறிஸ்டோஃப் பெல்ஜிய வீரர் ஃபிர்மின் லம்போவை விட ஏறத்தாழ 28 நிமிடங்கள் முன்னிலையில் இருந்தார். மெட்சிலிருந்து டன்கர்க் வரை 468 கிலோமீட்டர் நீண்ட பதினான்காவது கட்டத்தில், போரினால் சீர்குலைந்த வடபகுதியின் கற்பாவிய சாலையில், வலான்சியென் நகரருகே அவரது முன்கவை மீண்டும் உடைந்தது. இம்முறையும் பட்டறை ஒன்றைத் தேடித் தாமே சரிசெய்துகொண்டார். ஒரு மணி நேரத்துக்கும் மேலான காலம் அதில் கழிந்தது. மஞ்சள் சட்டை லம்போவிடம் சென்றது.

67 பேர் புறப்பட்ட அப்பந்தயத்தில் பதினொருவரே பாரிசை அடைந்தனர். லம்போ வென்றார். ஜீன் அலவான் இரண்டாவது இடமும், கிறிஸ்டோஃப் மூன்றாவது இடமும் பெற்றனர். பந்தயத்தை நாளேட்டின் வழியே பின்தொடர்ந்த மக்கள் இம்முடிவால் வருந்தினர். லோட்டோ நாளேடு நிதி திரட்டத் தொடங்கியபோது எளியவர் முதல் செல்வந்தர் வரை பலரும் பணம் அனுப்பினர். நன்கொடையாளர் பெயர்கள் நாளேட்டில் தொடர்ந்து வெளியாயின. திரண்ட தொகை 13,000 பிராங்கைத் தாண்டியது. இது வெற்றியாளர் பெற்ற பரிசுத் தொகையை விடக் கூடுதலாகும்.

பிற்காலம்

1920 இல் பாரிசு – டூர் பந்தயத்திலும், 1920, 1921 ஆகிய இரு ஆண்டுகளில் போர்தோ – பாரிசு நெடுந்தூரப் பந்தயத்திலும் கிறிஸ்டோஃப் வென்றார். 1922 டூர் டி பிரான்சு பந்தயத்தில் தமது 37 ஆவது வயதில் மீண்டும் மஞ்சள் சட்டை அணிந்தார். ஆனால் ஆல்ப்சு மலையில் கலிபியே கணவாயிலிருந்து இறங்கும்போது மூன்றாவது முறையாக முன்கவை உடைந்தது. எட்டாவது இடமே கிட்டியது. அவ்வாண்டு முன்னணியில் இருந்த எக்டர் உசுகெம் என்பவர் உடைந்த வண்டியை மாற்றிக்கொண்டதற்காக ஒரு மணி நேரத் தண்டனை பெற்றார். ஒரு கட்டத்திலும் வெல்லாத லம்போ இரண்டாம் முறையாக வெற்றியாளர் ஆனார்.

பழுதான பாகங்களை மாற்றிக்கொள்ளும் அனுமதி 1923 இல் வழங்கப்பட்டது. பழுது நீக்குவதில் பிறர் உதவியைப் பெறும் உரிமை 1930 இல் வந்தது. கிறிஸ்டோஃப் 1925 இல், நாற்பது வயதில், கடைசி முறையாக டூர் டி பிரான்சில் ஓட்டிப் பதினெட்டாவது இடத்தில் முடித்தார். 1926 இல் பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்றார். 1970 பெப்ரவரி 1 அன்று தமது 85 ஆவது வயதில் காலமானார்.

நினைவுகள்

செயின்ட்-மரி-டி-கம்பான் ஊரில் அவர் முன்கவையைச் செப்பனிட்ட இடத்தில் நினைவுக் கல்வெட்டு பதிக்கப்பட்டுள்ளது. உடைந்த கவையுடன் நிற்கும் அவரது சிலையும் அவ்வூரில் நிறுவப்பட்டுள்ளது. டூர்மாலே மலையில் ஓட்டச் செல்லும் பொழுதுபோக்கு மிதிவண்டியாளர் பலர் அங்கு நின்று செல்வது வழக்கம். மிதியில் பாதத்தைப் பொருத்திப் பிடிக்கும் கவ்விகளும் வார்களும் கிறிஸ்டோஃப் என்ற வணிகப் பெயருடன் பல பத்தாண்டுகள் விற்பனையாயின. அவரது ஓட்டத்தைக் கண்டிராத தலைமுறையினரும் அதனால் அப்பெயரைத் தம் காலடியில் கண்டனர்.