மூன்று வீடுகளில் பாரதியார்

பாரதியாரை முண்டாசும் முறுக்கு மீசையுமாகப் படங்களில் பார்த்துப் பழகிவிட்டோம். அவர் வாழ்ந்த வீடுகள் சில இன்று நினைவில்லங்களாக உள்ளன. அவற்றில் மூன்றை வரிசையாகப் பார்த்தால், படத்துக்குப் பின்னாலிருந்த மனிதர் தெரிவார்.

முதல் வீடு எட்டயபுரத்தில் உள்ளது. 1882 டிசம்பர் 11ஆம் நாள் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகச் சுப்பிரமணியன் பிறந்தது இங்குதான். ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினொரு வயதில் புலவர்கள் முன் தம் கவித்திறனைக் காட்டி 'பாரதி' என்ற பட்டம் பெற்றார். 1898இல் தந்தையும் மறைந்தார். அதன்பின் காசியில் சில ஆண்டுகள் படித்தார்.

இரண்டாம் வீடு புதுச்சேரி ஈஸ்வரன் கோவில் வீதியில் உள்ளது. அவர் அங்கே போனது விரும்பி அல்ல. 1908இல் அவருடைய 'இந்தியா' இதழ் மீது ஆங்கில அரசு நடவடிக்கை எடுத்தது. கைதாகாமல் இருக்க, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அங்கும் ஒற்றர்கள் பின்தொடர்ந்தார்கள். இதழ் நின்றது, வறுமை வாட்டியது. ஆனாலும் கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் ஆகியவை அந்தப் பத்தாண்டுகளில்தான் பிறந்தன. ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த கனகலிங்கத்துக்கு அவர் பூணூல் அணிவித்ததும் அப்போதுதான்.

மூன்றாம் வீடு சென்னை திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோவிலுக்கு அருகில் இருக்கிறது. அந்தக் கோவில் யானை தாக்கியதால்தான் பாரதியார் இறந்தார் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் காயத்திலிருந்து அவர் தேறினார். ஈரோடு வரை சென்று சொற்பொழிவும் ஆற்றினார். பின்னர் நோயுற்று, 1921 செப்டம்பரில் இந்த வாடகை வீட்டில் காலமானார். அப்போது அவருக்கு 39 வயதுகூட நிறையவில்லை. இறுதி ஊர்வலத்தில் நடந்தவர்கள் மிகச் சிலரே. அந்த வீட்டை அரசு வாங்கிப் பாதுகாத்தது 1993இல், அதாவது 72 ஆண்டுகள் கழித்து.

நினைவில்லம் ஒருவர் வாழ்ந்த இடத்தைக் காட்டும். அவர் ஏன் அங்கே வந்தார், ஏன் கிளம்பினார் என்பதை நாம்தான் கேட்டறிய வேண்டும். புதுச்சேரி வீட்டுக்கும் திருவல்லிக்கேணி வீட்டுக்கும் நடுவே கடலூர்ச் சிறையும், கடையத்தில் கழிந்த வறுமை நாள்களும் இருக்கின்றன. மாணவர்களே, எந்தக் கவிஞரின் நினைவில்லத்துக்குச் சென்றாலும், அங்கே வைத்திருக்கும் பொருள்களைப் பார்ப்பதோடு நில்லாமல், அவர் அந்த வீட்டுக்கு வந்த வழியையும் கேட்டுப் பாருங்கள்.