அழகப்பச் செட்டியார்

இராம. அழகப்பச் செட்டியார் (ஏப்ரல் 6, 1909 – ஏப்ரல் 5, 1957) தமிழகத்தைச் சேர்ந்த தொழிலதிபரும் கல்விக் கொடையாளரும் ஆவார். காரைக்குடியில் கலை, அறிவியல், பொறியியல், ஆசிரியர் பயிற்சி ஆகிய துறைகளில் கல்லூரிகளை நிறுவியவர். வள்ளல் என்னும் அடைமொழியுடனேயே பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறார். 1956-இல் இந்திய அரசு இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது.

இளமையும் தொழிலும்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் நகரத்தார் குடும்பமொன்றில் பிறந்தார். காரைக்குடியில் பள்ளிக் கல்வியை முடித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். எனினும் வழக்குரைஞர் தொழிலை விட்டு வணிகத்தையே தேர்ந்தெடுத்தார்.

1937-இல் திருச்சூருக்கு அருகே கொச்சின் டெக்ஸ்டைல்ஸ் என்னும் நூற்பாலையைத் தொடங்கினார். அவ்வூர் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்கப்படுகிறது. பர்மா, மலாயா ஆகிய நாடுகளிலும் முதலீடு செய்தார். காப்பீடு, விடுதி, திரையரங்கு எனத் தொழில்கள் விரிந்தன. ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் வானூர்தி நிறுவனத்தையும் நடத்தினார். ஆங்கிலேய அரசு அளித்த சர் பட்டத்தை நாடு விடுதலை பெற்றபின் துறந்தார்.

நோய்

இளம் வயதிலேயே இவரைத் தொழுநோய் பற்றியது. அந்நோய்க்குப் பயன்தரும் மருந்துகள் அக்காலத்தில் மிகக் குறைவு. நோயுற்றோரைச் சமூகம் ஒதுக்கி வைத்திருந்தது. செல்வமும் பட்டமும் உடையவர்களுக்கும் அதிலிருந்து முழு விலக்குக் கிடைத்ததில்லை. ஈட்டிய பொருளைக் கொண்டு ஒதுங்கி வாழ்வதற்கு எல்லாக் காரணங்களும் இருந்த நிலையில், இவர் கல்லூரிகளுக்கு நடுவே தமது வாழ்வை அமைத்துக்கொண்டார். பெருங்கொடைகள் அனைத்தும் இந்நோய்க் காலத்தில் நிகழ்ந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

கொடைகள்

கோயில் திருப்பணி, சத்திரம், வேத பாடசாலை ஆகியவற்றுக்குப் பொருள் வழங்குவது நகரத்தாரிடையே நெடுங்கால வழக்கம். அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் எழுப்பிய பல்கலைக்கழகம் (1929) அவ்வழக்கை உயர்கல்வியின் பக்கம் திருப்பியது. அழகப்பர் அதனைத் தொழில்நுட்பத்திற்கும் அறிவியல் ஆய்வுக்கும் கொண்டு சென்றார். இவர் இலக்கிய மாணவர் என்பதை நோக்க இது சற்று வியப்புக்குரியதே. தமிழையும் இவர் மறந்தாரில்லை: திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைய 1943-இல் ஒரு இலட்சம் ரூபாய் வழங்கினார். 1944-இல் சென்னை கிண்டியில் தோன்றிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, இவர் அளித்த ஐந்து இலட்சம் ரூபாய் நன்கொடையால் உருவானது. அது தற்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக உள்ளது.

1947 ஜூலை 3 அன்று சென்னையில் அன்னி பெசன்ட் நினைவுக் கூட்டம் நடந்தது. அதில் பேசிய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். அடுத்த மாதமே காரைக்குடி காந்தி மாளிகையில் அழகப்பா கலைக் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கிவிட்டது. உயர்கல்விக்குச் சென்னை, சிதம்பரம் போன்ற தொலைவூர்களுக்குச் செல்ல வசதியில்லாத செட்டிநாட்டு மாணவர்களுக்கு இது பெரும் வாய்ப்பாயிற்று. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி (1952) எனப் பிற நிறுவனங்களும் தொடர்ந்தன. பெண்கள் கல்லூரிக்கு இடம் தேவைப்பட்டபோது தாம் குடியிருந்த வீட்டையே கொடுத்தார்.

இவற்றுள் துணிவு மிக்கது மின்வேதியியல் ஆய்வகத்துக்கான கொடை எனலாம். விடுதலைக்குப்பின் நடுவண் அரசு தேசிய ஆய்வகங்களை நிறுவியபோது தில்லி, புனே போன்ற பெருநகரங்களே முதலில் இடம்பெற்றன. பெருந்தொழிற்சாலை எதுவும் இல்லாத காரைக்குடியில் ஓர் ஆய்வகம் அமைய, அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்தார். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று குடியரசுத் துணைத்தலைவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார். அரிமானத் தடுப்பு, மின்கலம், மின்முலாம் பூசுதல் ஆகியவற்றில் அங்கு ஆய்வுகள் நடைபெறுகின்றன.

மறைவு

1957 ஏப்ரல் 5 அன்று, 48 வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்னர், காலமானார். இவர் நிறுவிய கல்வி நிறுவனங்களை அடித்தளமாகக் கொண்டு 1985-இல் தமிழக அரசு காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தை நிறுவியது.