மண்ணுக்குள் இருபது பாட்டில்கள்

அறுத்த கையோடு நெல்லை முளைக்கப் போட்டால் சில ரகங்கள் அசையவே அசையாது. ஓவனில் 50 டிகிரியில் அஞ்சு நாள் வைத்து அந்த விதை உறக்கத்தைக் கலைத்த செய்முறை வகுப்பு நம்மில் பலருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த உறக்கம் எத்தனை வருஷம் நீடிக்கும் என்று பார்க்கத் துணிந்த ஒரு வாத்தியாரைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

வில்லியம் ஜேம்ஸ் பீல் 1833இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் ஆசா கிரே, அகாசி போன்ற மேதைகளிடம் படித்தார். பிறகு மிச்சிகன் வேளாண் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். முதலில் செடியைக் கையில் கொடுப்பார், விளக்கமெல்லாம் அப்புறம்தான். 1870களின் கடைசியில் இரண்டு மக்காச்சோள ரகங்களைக் கலப்பு செய்து விளைச்சலைக் கூட்டிக் காட்டினார். வீரிய ஒட்டுச் சோளத்துக்கு முன்னோடிகளில் ஒருவர் என்றால் மிகையில்லை.

ஆனால் அவர் பேர் நிலைத்தது களையால்! எத்தனை வருஷம் களை கொத்தினால் நிலம் சுத்தமாகும்? விவசாயிக்கு இது கூலிக் கணக்கு. 1879இல், தமது 46ஆம் வயதில், பீல் 20 பாட்டில்களில் ஈரமணலோடு விதைகளைக் கலந்தார். ஒவ்வொரு வகையிலும் 50 விதை. தண்ணீர் தேங்காதபடி வாயைச் சாய்த்து, மூடாமலே கல்லூரி வளாகத்தில் புதைத்தார். அஞ்சு வருஷத்துக்கு ஒன்று எடுப்பதாகத் திட்டம். 1910இல் ஓய்வு பெற்றார், 1924இல் காலமானார். சோதனை முடியவில்லை.

அவருக்குப் பின் வந்தவர்கள் இடைவெளியைப் பத்து வருஷமாக்கினார்கள், பிறகு இருபதாக்கினார்கள். வெளிச்சம் பட்டாலே சில விதைகள் விழித்துவிடும் என்பதால் இருட்டில்தான் தோண்டுவது வழக்கம். இடம் எங்கே என்பது சிலருக்கு மட்டுமே தெரியும். 2000இல், அதாவது 120 வருஷம் கழித்து, மொத் முல்லின் என்ற மஞ்சள் பூக் களையில் 50க்கு 23 முளைத்தது. மால்வா களையின் ஒரே ஒரு விதையோ, குளிரில் வைத்து எடுத்த பிறகுதான் கண் திறந்தது. உயிர் இருந்தும் உறங்கிக்கொண்டு இருந்திருக்கிறது, பாருங்கள்!

2020இல் எடுக்க வேண்டிய பாட்டில் கொரோனாவால் தள்ளிப்போய் 2021இல் வெளியே வந்தது. அப்போதும் முல்லின் முளைத்தது. மண்ணில் இன்னும் நாலு பாட்டில் மிச்சம். அடுத்தது 2040இல், கடைசி 2100இல்.