கயிற்றின் மறுமுனையில் டென்சிங்

மணிமங்கலத்துக்காரருக்குப் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் ஏரிக்கரையில் படிகிற பனிதான். இமயத்துப் பனி ஆளை விழுங்கும் பனி. காலடியில் திடீரென்று பாதாளம் வாய் பிளக்கும். புயல் எழும்பினால் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. அங்கே கூட்டத்தை விட்டுப் பிரிந்தவன் பிழைப்பது அரிது. அத்தகைய இடத்தில் கூட வந்தவர்களைச் சிதறவிடாமல் காப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் டென்சிங் நார்கே. சிகரம் ஏறிய புகழில் இந்தத் தொழில் மறைந்துபோயிற்று.

1914-ல் பிறந்த அவர் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்லர். டார்ஜிலிங்குக்குப் பிழைக்க வந்து, 1935-ல் முதன்முதலாக எவரெஸ்ட் கோஷ்டி ஒன்றுக்குச் சுமை தூக்கினார். பிறகு சர்தார் ஆனார். சர்தார் என்றால் ஷெர்ப்பாக்களின் தலைவர். சுமையைப் பங்கிடுவது, கூலி பேசுவது, மனம் உடைந்தவனைத் தேற்றுவது எல்லாம் அவர் தலையில்தான்.

1952 வசந்த காலத்தில் ஸ்விஸ் கோஷ்டியுடன் சென்றார். சுமார் 26,000 அடி உயரத்தில் உள்ள தெற்குக் கணவாயை அடைவதற்குள் கூட வந்த ஷெர்ப்பாக்கள் தளர்ந்துவிட்டார்கள். கணவாயை எட்டிய டென்சிங் ஓய்வெடுக்கவில்லை. திரும்ப இறங்கிப்போய்ச் சுமைகளையும் ஆட்களையும் மேலே கொண்டு சேர்த்தார். அதற்குப் பிறகும் அவருக்கு மூச்சு மிச்சமிருந்தது என்பதுதான் அதிசயம்! மே 27 இரவு, அவரும் ரேமண்ட் லாம்பெர்ட்டும் சுமார் 27,500 அடியில் தூங்கும் பையும் அடுப்பும் இல்லாமல் கழித்தார்கள். மெழுகுவர்த்திச் சுடரில் பனிக்கட்டியை உருக்கிக் குடித்தார்கள். உறங்கினால் உறைந்துபோக நேரிடும் என்று ஒருவரையொருவர் தட்டியும் தேய்த்தும் விடியவைத்தார்கள். மறுநாள் சிகரத்துக்கு ஏறக்குறைய 800 அடி இருக்கும்போது திரும்பினார்கள். இருவரும் உயிரோடு வந்தார்கள்.

அவ்வருஷமே இலையுதிர் காலத்தில் மறுபடி முயன்றபோது பனிக்கட்டிகள் சரிந்து மிங்மா டோர்ஜே என்ற ஷெர்ப்பா மாண்டார். ஆட்கள் கலங்கிப்போனார்கள். ஆயினும் கோஷ்டி கலையவில்லை. கணவாய் வரை சென்று, குளிரும் காற்றும் விரட்டிய பிறகே திரும்பியது.

1953-ல் பிரிட்டிஷ் கோஷ்டியில் வேறு விதமான சோதனை. காட்மாண்டுவில் தூதரகத்தின் வண்டிக் கொட்டகையில் ஷெர்ப்பாக்களைத் தங்கவைத்தார்கள். அவர்கள் கொதித்தார்கள். டென்சிங் அவர்களைச் சமாதானப்படுத்தி, தாமும் அந்தக் கொட்டகையிலேயே படுத்தார். பனிப்புயலைவிட இத்தகைய மனக்கசப்புதான் கோஷ்டிகளை அதிகம் பிளக்கும்.

ஏப்ரல் மாதம் ஹில்லாரி பனிப் பிளவில் விழுந்தார். டென்சிங் கோடரியைப் பனியில் பாய்ச்சி, கயிற்றை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார். இருவருக்கும் அன்று முதல் ஒரு பிடிப்பு உண்டாயிற்று. மே 29 முற்பகல் 11.30 மணிக்கு, இருவரும் ஒரே கயிற்றில் சிகரத்தில் நின்றார்கள். முதலில் கால் வைத்தது யார் என்று உலகம் நச்சரித்தது. இருவரும் சேர்ந்தே ஏறினோம் என்பதோடு முதலில் நிறுத்திக்கொண்டார்கள். ஹில்லாரிதான் சில அடிகள் முன்னால் சென்றார் என்று 1955-ல் வெளிவந்த சுயசரிதையில் டென்சிங் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

1954-ல் டார்ஜிலிங்கில் இமயமலை ஏற்றப் பயிற்சி நிலையம் தொடங்கியது. களப் பயிற்சி இயக்குநராக அவர் அமர்ந்து, முடிச்சுப் போடவும் கோடரி பிடிக்கவும் இளைஞர்களுக்குக் கற்றுத் தந்தார். 1986 மே 9-ல் காலமானார். அந்த நிலையத்து மண்ணிலேயே அவருக்குச் சிதை மூட்டினார்கள்.