வானை வென்ற பெருந்தகை ஜே. ஆர். டி. டாட்டா

ஹந்தானை மலையடிவாரத்துத் திடல்களில் விளையாடி வளர்ந்த நாம், போட்டிக்கு நடுவர் இன்றியமையாதவர் என்பதை நன்கறிவோம். வானிற் பறப்போருக்கும் விதி வகுத்து, சாதனைகளை அளந்து உறுதிப்படுத்தும் நடுவராக, 1905ஆம் ஆண்டு பாரிஸில் சர்வதேச வான்பயணச் சம்மேளனம் தோன்றிற்று. அதற்கு ஓராண்டு முன்னர் அதே நகரிற் பிறந்தவர் டாட்டா. 1929 பெப்ரவரி 10இல், இந்திய, பர்மிய விமானக் கழகம் அச்சம்மேளனத்தின் சார்பில் வழங்கிய முதலாம் இலக்கச் சான்றிதழைப் பெற்ற விமானி அவரே.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்குமிடையே தனித்துப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் பரிசொன்றை அறிவித்திருந்தார். 1930இல் டாட்டா கராச்சியினின்றும் புறப்பட்டார். 17 வயதினரான அஸ்பி எஞ்சினியர் இங்கிலாந்தினின்றும் எதிர்த்திசையிற் பறந்து வந்தார். எகிப்து நாட்டின் அபூகீரில் ஸ்பார்க் பிளக் இன்றித் தவித்து நின்ற அவ்விளைஞருக்குத் தம்மிடமிருந்த உபரிப் பிளக்குகளை டாட்டா மனமுவந்து ஈந்தார். பரிசு அஸ்பிக்கே சென்றது.

1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே அஞ்சல் விமானத்தைச் செலுத்தி, இந்திய விமானப் போக்குவரத்துக்கு டாட்டா வித்திட்டார். 1985இல் அச்சம்மேளனம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்துச் சிறப்பித்தது. 1993இல் அவர் அமரரானார்.

தூரத்தையும் வேகத்தையும் விதிகள் அளக்கும். போட்டியாளனுக்கு உதவிய பெருந்தன்மையை அளக்கும் விதி எங்குமில்லை. நம் கல்லூரி இளைஞர் திடலில் இறங்குந்தோறும் இதனை நெஞ்சிற் கொள்வாராக.