அரிவாள் இரும்பு நட்சத்திரத்தில் இருந்து வந்ததா? 19 வயதில் கணக்குப் போட்ட சந்திரசேகர் யார்?

திருத்துறைப்பூண்டி வயலில் கதிர் அறுக்கிற அரிவாளும் இரும்பு. நம்ம ரத்தத்திலும் இரும்பு இருக்கு. இதில் கணிசமான பங்கு, பூமி பிறக்கும் முன்பே வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களில் உருவானது. அந்த வெடிப்பைப் புரிந்துகொள்ள உதவும் கணக்கைப் போட்டவர் ஒரு தமிழர்: சுப்ரமணியன் சந்திரசேகர்.

யார் இவர்?

1910 அக்டோபர் 19-ல் லாகூரில் பிறந்தவர். பூர்வீகம் தஞ்சைப் பகுதி. அப்பாவுக்கு ரயில்வே கணக்குத் துறையில் வேலை. சர் சி.வி.ராமன் இவருக்கு சித்தப்பா. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1930 ஜூலையில் கேம்பிரிட்ஜ் செல்ல பம்பாயில் கப்பல் ஏறினார். அப்போது வயது 19.

கப்பலில் போட்ட கணக்கு என்ன?

எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம்தான் வெள்ளைக் குள்ளன். எல்லா நட்சத்திரமும் கடைசியில் இப்படியே அமைதியாக அடங்கிவிடும் என்று அப்போது நினைத்தார்கள். சந்திரசேகர் அதில் ஐன்ஸ்டீனின் சார்பியலைச் சேர்த்துப் பார்த்தார். சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு நிறையைத் தாண்டினால் வெள்ளைக் குள்ளன் தாங்காது என்று விடை வந்தது. இதுதான் 'சந்திரசேகர் எல்லை'.

சபையில் நடந்த அவமானம்

1935 ஜனவரி 11, லண்டன் ராயல் வானியல் கழகம். சந்திரசேகர் பேசி முடித்ததும் எழுந்த எடிங்டன், இதெல்லாம் நடக்காத கதை என்பதுபோல் கேலி செய்தார். அன்றைக்கு வானியலில் அவர் பெரிய கை. கணக்கு சரி என்று தெரிந்த விஞ்ஞானிகள்கூட வெளிப்படையாக ஆதரிக்கவில்லை. சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை. 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1939-ல் நட்சத்திரங்களின் அமைப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட்டு வேறு ஆய்வுக்கு நகர்ந்தார்.

இரும்பு எங்கே வருது?

வெள்ளைக் குள்ளன் பக்கத்து நட்சத்திரத்தின் பொருளை இழுத்து அந்த எல்லையை நெருங்கும்போது வெடிக்கலாம். அதில் நிக்கல்-56 என்ற கதிரியக்க ஐசோடோப் உருவாகும். சுமார் 6 நாளில் அதில் பாதி கோபால்ட்-56 ஆகிவிடும். அந்த கோபால்ட்டில் பாதி இரும்பாக மாற சுமார் 77 நாள். வெடித்த நட்சத்திரம் மாதக்கணக்கில் மின்னுவதே இந்தச் சிதைவால்தான். அதனால் அந்த ஒளி எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதை அளந்தே எவ்வளவு இரும்பு உருவானது என்று கணிக்கலாம்.

காலம் தந்த பதில்

1983-ல் இயற்பியல் நோபல் பரிசு. கூடவே பரிசு வாங்கியவர், நட்சத்திரங்களில் தனிமங்கள் உருவாகும் விதத்தை ஆராய்ந்த வில்லியம் ஃபவுலர். 1995 ஆகஸ்ட் 21-ல் சந்திரசேகர் காலமானார். 1999-ல் நாசா ஏவிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

2014-ல் எம்82 விண்மீன் மண்டலத்தில் ஒரு வெள்ளைக் குள்ளன் வெடித்தது. தூரம் ஒரு கோடி ஒளியாண்டுக்கும் மேல். அங்கே கோபால்ட்-56 சிதைந்து வெளிவந்த காமா கதிரை, ஐரோப்பாவின் இன்டெக்ரல் செயற்கைக்கோள் நேரடியாகவே பதிவு செய்தது.