ஒவ்வொருவரையும் அறிந்த தலைவர் ஷேக்கல்டன்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது முதல் நான் அதிகம் கேட்கும் சொல் 'குழுப்பணி'. இடுபணி, படைப்பு, ஆய்வு என எதுவானாலும் நான்கைந்து பேராகச் சேர்ந்துதான் செய்ய வேண்டும். வேலைக்குச் சென்ற பிறகும் இதே நிலைதான். மனிதவள நிர்வாகம் பயிலும் எனக்கு, ஊழியர்களை ஊக்குவிப்பது பற்றிப் பல கோட்பாடுகளைக் கற்றுத் தருகிறார்கள். அவற்றைவிட எனக்கு அதிகத் தெளிவைத் தந்தது, நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு கடலோடியின் வாழ்க்கை. அவர்தான் சர் எர்னஸ்ட் ஷேக்கல்டன்.

அவர் 1874ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி அயர்லாந்தில் பிறந்தார். தந்தை ஒரு மருத்துவர். மகனும் மருத்துவராக வேண்டும் என்று தந்தை விரும்பினார். மகனோ 16 வயதிலேயே வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1901இல் கேப்டன் ஸ்காட் தலைமையில் அண்டார்க்டிகாவுக்குச் சென்ற குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால், உடல் நலம் கெட்டதால் பாதியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1907இல் தாமே ஒரு குழுவை அமைத்துப் புறப்பட்டார். 1909 ஜனவரி 9ஆம் தேதி அவரும் மூன்று தோழர்களும் தென் துருவத்திற்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தொலைவில் நின்றார்கள். அதுவரை எந்த மனிதரும் அவ்வளவு தூரம் சென்றதில்லை. ஆனால் கையில் உணவு மிகக் குறைவு. துருவத்தைத் தொட்டாலும் உயிரோடு திரும்ப முடியாது. ஷேக்கல்டன் திரும்பிவிட முடிவெடுத்தார். திரும்பும் வழியில், தம் பங்குக்குக் கிடைத்த பிஸ்கட்டைப் பசியால் வாடிய ஃபிராங்க் வைல்ட் என்பவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த வைல்ட் பின்னர் அவருடைய வலது கையாகவே ஆனார். துருவத்தை முதலில் அடைந்த பெருமை 1911இல் நார்வேயின் அமுண்ட்சென்னுக்குச் சென்றது.

ஷேக்கல்டனின் பெயர் நிலைத்தது ஒரு தோல்வியால்தான். அண்டார்க்டிகாவைக் குறுக்காகக் கடக்கும் நோக்கத்தோடு, 1914 டிசம்பரில் 'எண்டூரன்ஸ்' கப்பல் தென் ஜார்ஜியா தீவிலிருந்து கிளம்பியது. கப்பலில் 28 பேர். மறுமாதமே அது பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. பத்து மாதங்களுக்கும் மேலாக அங்கேயே கிடந்து, இறுதியில் பனியின் அழுத்தத்தால் நொறுங்கி, 1915 நவம்பரில் மூழ்கியது. உதவி கேட்க வானொலித் தொடர்பு இல்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது உலகத்துக்குத் தெரியாது.

இந்த நிலையில் ஒரு குழு உடைவதற்கு ஒரு சண்டை போதும். ஷேக்கல்டன் அதை அறிந்திருந்தார். எனவே, எல்லாரையும் கூட்டிவைத்து உணர்ச்சிகரமாகப் பேசுவதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனித்தார்.

புகைப்படக் கலைஞர் ஃபிராங்க் ஹர்லி, தம்மை முக்கியமானவராக மதிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். அவரைத் தம் கூடாரத்திலேயே தங்கவைத்து, அடிக்கடி ஆலோசனை கேட்டார். உரோமத்தால் ஆன கதகதப்பான படுக்கைப் பைகள் 18 மட்டுமே இருந்தன. அவற்றைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டபோது, பெரும்பாலும் சாதாரண மாலுமிகளுக்கே அவை கிடைத்தன. தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் கிடைத்தவை மெல்லிய கம்பளிப் பைகள். கப்பலைக் கைவிட்டபோது, சொந்தப் பொருள்களில் ஆளுக்கு இரண்டு பவுண்டு எடைதான் எடுத்துவரலாம் என்று கட்டளையிட்டு, தம் தங்க நாணயங்களையே அவர் பனியில் வீசினார். ஆனால், ஹஸ்ஸி என்பவரின் பாஞ்சோ இசைக்கருவியை மட்டும் கொண்டுவரச் சொன்னார். மனம் தளராமல் இருக்க இசை தேவை என்று அவர் கருதினார்.

பின்னர் ஒரு சிறிய படகில் கடலைக் கடந்தபோது, யாராவது ஒருவர் குளிரில் மிகவும் நடுங்கினால் எல்லாருக்கும் சூடான பால் கொடுக்கச் சொல்வார். தம்மால்தான் அந்த ஏற்பாடு என்று நடுங்கியவருக்குத் தெரிந்தால் அவர் கூச்சப்படுவார் அல்லவா! உதவி பெறுபவரின் தன்மானத்தையும் காத்த இந்தச் செயல்தான் என்னை மிகவும் கவர்ந்தது.

1916 ஏப்ரலில் 28 பேரும் மூன்று படகுகளில் எலிஃபண்ட் தீவை அடைந்தார்கள். அங்கிருந்து ஷேக்கல்டனும் ஐவரும் ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளமே உள்ள 'ஜேம்ஸ் கேர்ட்' படகில் புறப்பட்டு, சுமார் 1,300 கிலோமீட்டர் கொந்தளிக்கும் கடலைத் தாண்டித் தென் ஜார்ஜியாவை அடைந்தார்கள். பிறகு அவர்களில் மூவர் 36 மணி நேரம் பனிமலைகளைக் கடந்து நடந்து உதவி தேடினார்கள். தீவில் விட்டுவந்த 22 பேரை மீட்க மூன்று முறை முயன்றும் பனி வழிவிடவில்லை. நான்காம் முறை, ஆகஸ்ட் 30ஆம் தேதி, சிலி நாட்டு 'யெல்ச்சோ' கப்பல் அவர்களை மீட்டது. எண்டூரன்ஸில் சென்ற ஒருவர்கூட இறக்கவில்லை. ஆனால், இதே பயணத்துக்காகக் கண்டத்தின் மறுபுறத்தில் உணவுக் கிடங்குகளை அமைக்கச் சென்ற துணைக்குழுவில் மூவர் உயிரிழந்தனர் என்பதையும் மறக்கக் கூடாது.

இங்கே இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்தான் தச்சர் ஹாரி மெக்நீஷ். பனியில் படகுகளை இழுத்துச் சென்றபோது, கப்பலே மூழ்கிவிட்டதால் இனிக் கட்டளைக்குப் பணிய வேண்டியதில்லை என்று அவர் வாதாடினார். ஷேக்கல்டன் எல்லாரையும் கூட்டி, வேலை ஒப்பந்தத்தை வாசித்து, துறைமுகம் சேரும்வரை சம்பளம் உண்டு, கட்டுப்பாடும் உண்டு என்று தெளிவுபடுத்தினார். மெக்நீஷ் வேலைக்குத் திரும்பினார். அதன்பின் ஜேம்ஸ் கேர்ட் படகின் பக்கங்களை உயர்த்தி, பெட்டிப் பலகைகளையும் கித்தானையும் கொண்டு மேல்தளம் அமைத்தவர் அவரே. அவருடைய கைத்திறன் இல்லாவிட்டால் அந்தப் படகு கரை சேர்ந்திருக்காது.

ஆயினும் பயணம் முடிந்து துருவப் பதக்கம் வழங்கப்பட்டபோது, ஷேக்கல்டன் பரிந்துரைக்காததால் நால்வருக்கு அது மறுக்கப்பட்டது. அந்த நால்வரில் மெக்நீஷும் ஒருவர். அவர் 1930இல் நியூசிலாந்தில் வறுமையில் இறந்தார்.

ஷேக்கல்டனை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஆபத்து நேரத்தில் ஒவ்வொருவரின் மனத்தையும் படித்த அவர், பாராட்டும் நேரத்தில் ஒருவரின் உழைப்பைவிட அவருடைய எதிர்ப்பையே பெரிதாகக் கருதிவிட்டார். குழுவை வழிநடத்தும் பொறுப்பு வேலை முடிந்ததும் முடிந்துவிடுவதில்லை என்பதை இதிலிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

ஷேக்கல்டன் 1922 ஜனவரி 5ஆம் தேதி, மற்றொரு பயணத்தின்போது, தென் ஜார்ஜியாவில் மாரடைப்பால் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் இறந்து நூறு ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச்சில், எண்டூரன்ஸ் கப்பல் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை நீங்கள் ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்றால், வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கு முன் ஆளுக்குப் பத்து நிமிடமாவது தனியாகப் பேசிப் பாருங்கள். யாருக்கு மேடையில் பேசப் பயம், யார் பகுதிநேர வேலை முடிந்து இரவில்தான் வீடு திரும்புகிறார், யாருக்கு ஒரு பாராட்டுச் சொல் தேவை என்பது அப்போது தெரியும். உங்களோடு வாதாடும் உறுப்பினரையும் ஒதுக்கிவிடாதீர்கள். வேலை முடிந்து பெயர்களை எழுதும்போது, அவர் செய்த பங்கையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.